பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு

ரிசல்ட் வந்த மறுவாரம் தொடங்கி ஆகஸ்ட் வரை கல்லூரி அலுவலகக் கவுண்டர்களில் ஒரே காட்சிதான். அப்பா ஃபைலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பார். அம்மா கேள்வி கேட்பார். சேரப்போகிற பிள்ளை பின்னால் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும். "பேர் என்னப்பா?" என்று கேட்டால்கூட அப்பாதான் சொல்வார். கவுண்டருக்கு உள்பக்கம் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி வந்த பிள்ளைகள்தான் நவம்பரில் ஹால் டிக்கெட் எங்கே வாங்குவது என்று தெரியாமல் வராந்தாவில் நிற்பார்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை பெற்றோர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். உங்கள் கையில் இருக்கும் காரியங்களை ஒவ்வொன்றாகப் பிள்ளை கைக்கு மாற்ற வேண்டும். மே மாதம் நீங்கள் செய்யுங்கள், பிள்ளை கூட நிற்கட்டும். ஜூனில் பிள்ளை செய்யட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். கல்லூரி திறந்த பிறகு அது செய்துவிட்டு வந்து வீட்டில் சொன்னால் போதும். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளை என்றால் இது இன்னும் முக்கியம். கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது அல்லவா?

முதல் படி: எந்த மாநிலக் கணக்கு என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

வெளியூர்க்காரர்களுக்கு இல்லாத தலைவலி இது. கன்னியக்கோவில், பாகூர்ப் பக்கம் வீடு இருந்து கடலூரில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உண்டு. மஞ்சக்குப்பத்தில் வீடு இருந்து புதுச்சேரியில் படித்தவர்களும் உண்டு. பேச்சு, சாப்பாடு, சம்பந்தம் எல்லாம் ஒன்றுதான், அட்மிஷன் மட்டும் இரண்டு.

தமிழ்நாட்டுக்காரர் என்றால் பொறியியலுக்கு டிஎன்இஏ என்கிற மாநில அரசுக் கலந்தாய்வு, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அதற்கென்று தனி இணையதளம். கடலூர் தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி எல்லாம் அந்த இரண்டாவது வழியில் வரும். புதுச்சேரிக்காரர் என்றால் பொறியியலோ, கலை அறிவியலோ, மருத்துவமோ, பெரும்பாலும் சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பு வழிதான்.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்கு டிஎன்இஏ-வில் நேட்டிவிட்டி (பிறப்பிட) சான்றிதழ் கேட்க மாட்டார்கள். நடுவில் இரண்டு வருடம் புதுச்சேரிப் பள்ளியில் படித்திருந்தால் கேட்பார்கள். சென்டாக்கில் குடியிருப்புச் சான்றிதழ் இல்லாமல் உள்ளூர் ஒதுக்கீடு கிடைக்காது, அதற்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டு குடியிருந்த கணக்கு வேண்டும். வாடகை வீடு மாறி மாறி எல்லையைத் தாண்டிய குடும்பங்கள் இதை ஏப்ரலிலேயே யோசித்துவிடுவது நல்லது.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்தது சென்டாக்கின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, புதுச்சேரியில் வாங்கியது டிஎன்இஏ-வுக்குச் செல்லாது. இரண்டு அரசுகளின் பட்டியலும் வேறு வேறு. இது போதாதென்று மத்திய அரசு நிறுவனங்களுக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்கிற பொது நுழைவுத்தேர்வு, கோரிமேடு ஜிப்மரில் எம்பிபிஎஸ் படிக்க நீட் தேர்வு. ஜிப்மருக்கு முன்பு தனி நுழைவுத்தேர்வு இருந்தது, 2020 முதல் அது கிடையாது. இந்த இடங்களில் பி.சி., எம்.பி.சி. பிரிவுப் பிள்ளைகள் ஓபிசி ஒதுக்கீடு கேட்டால், மத்திய அரசு படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். வீட்டில் இருக்கிற பழைய சாதிச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

இரண்டாவது படி: காகிதங்கள்

ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்குங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

முதலில் பெயர். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், சாதிச் சான்றிதழில் இனிஷியலே இருக்காது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரைத் திருத்துவது சுலபம், மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு. அப்படியே இன்னொன்றும் பாருங்கள். பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகையும் கண் பதிவும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பரபரப்பில் பல வீடுகளில் இது விட்டுப்போயிருக்கும்.

அப்புறம் சான்றிதழ்கள். சாதி, வருமானம், தேவைப்பட்டால் நேட்டிவிட்டி அல்லது குடியிருப்பு. தமிழ்நாட்டில் குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்காதிருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழ். இதில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மூத்தவன் இந்தச் சலுகையில் ஏற்கெனவே படித்திருந்தால் இளையவளுக்குக் கிடைக்காது. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மனு மூன்று மேசை தாண்ட வேண்டும். விண்ணப்பித்த ரசீது எண்ணைப் பிள்ளையின் போனில் போட்டுவைத்து, எந்த மேசையில் நிற்கிறது என்று அதையே பார்க்கச் சொல்லுங்கள். விஏஓ அலுவலகத்துக்கும் பிள்ளையையே அனுப்புங்கள். "சார், என் மனு உங்க லாகின்ல இருக்கு" என்று ஒரு பதினேழு வயசுப் பிள்ளை சொல்லப் பழகுவது, அந்தச் சான்றிதழைவிடப் பெரிய சம்பாத்தியம் என்பேன்.

டி.சி. வாங்கும்போது பள்ளியிலேயே நின்று பிறந்த தேதியையும் சாதிப் பிரிவையும் சரிபாருங்கள். எல்லாவற்றையும் நான்கைந்து பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேன் செய்து பிள்ளையின் மெயிலில் ஒரு பிரதி போட்டுவையுங்கள். பிரவுசிங் சென்டர்காரரின் மெயிலையும் போன் நம்பரையும் கொடுத்து விண்ணப்பம் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஓடிபி அவருக்குப் போகும், அலாட்மெண்ட் தகவலும் அவருக்குத்தான் போகும். மெயிலும் நம்பரும் பிள்ளையுடையதாக இருக்கட்டும், பாஸ்வேர்டு வீட்டில் ஒரு நோட்டில் எழுதியிருக்கட்டும்.

மூன்றாவது படி: படிப்பையும் கல்லூரியையும் தேர்ந்தெடுப்பது

இதில் பக்கத்து வீட்டார், சித்தப்பா, வாட்ஸ்அப் குழு என்று எல்லோரும் பேசுவார்கள். பேசட்டும். நீங்கள் கணக்கைப் போடுங்கள்.

டிஎன்இஏ கட் ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக. கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 82 என்றால் 88, 38, 41 சேர்த்து 167. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்பது இணையத்தில் கிடைக்கும். அதைப் பிள்ளையை உட்கார்த்தி ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கிடைக்க வாய்ப்புக் குறைவு என்றாலும் ஆசைப்படுவதை மேலே, நிச்சயம் கிடைப்பதைக் கீழே. சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டு, ரவுண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அழுவது வருடா வருடம் நடக்கிறது.

அலாட்மெண்ட் வந்ததும் உறுதி செய்யும் இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். கிடைத்ததை ஏற்றுச் சேர்வது ஒன்று, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்காகக் காத்திருப்பது இன்னொன்று. வேண்டாம் என்று சொல்லி மேல் சாய்ஸுக்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த ரவுண்டுக்குப் போவது, முழுதாக விலகுவது என்று இன்னும் உண்டு. அதற்கு இரண்டு நாள்தான் தருவார்கள். எதை அழுத்துவது என்று அலாட்மெண்ட் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். பட்டனைப் பிள்ளை அழுத்தட்டும்.

கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள், ஆனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாசலுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் உங்கள் மகனையோ மகளையோ பேசவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, லேபில் கை வைக்க விடுகிறார்களா, இந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு அரியர் என்று மூன்று கேள்வி போதும். அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இருந்தன, இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு. புதுச்சேரியில் தாகூர் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி போன்றவை புதுவைப் பல்கலைக்கழகத்தோடு. டிகிரி அங்கிருந்துதான் வரும்.

"மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் மட்டும் கொடுங்க" என்று வருகிற ஆளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில், கல்லூரிப் பெயரில், ரசீதோடு மட்டும் கட்டுங்கள்.

நான்காவது படி: பணம்

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும். அதே பிள்ளை பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண், ஆணாக இருந்தால் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வரும். முன்னது 2022-லும் பின்னது 2024-லும் தொடங்கின, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் இப்போது உண்டு. இதற்கு நீங்கள் தனியாக எங்கேயும் அலைய வேண்டாம், கல்லூரி வழியாகத்தான் பதிவு. கல்லூரியில் அதற்கென்று ஒரு ஆசிரியர் இருப்பார், அவர் யார் என்று முதல் வாரமே பிள்ளை தெரிந்துகொண்டால் சரி. பணம் பிள்ளையின் பெயரில் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பள்ளியில் திறந்த கணக்கு செயலில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கிக்கு ஒரு நடை போய்க் கேட்கட்டும். புதுச்சேரியில் சென்டாக் வழியாகச் சேர்ந்தவர்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரிலான கல்வி நிதியுதவி இருக்கிறது.

கல்விக்கடன் எடுப்பதாக இருந்தால் வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகவே மறுத்துவிடுவார்கள். விண்ணப்ப எண் இருந்தால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கிடையாது. பிள்ளை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், படிப்பு முடிந்து மாதம் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று மேனேஜரிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். கடன் அதன் பெயரிலும் இருக்கிறது.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிய பிறகு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது. என்ன செய்வது? 2018-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத்தொகையும் திரும்ப வரும், அதில் அதிகபட்சம் 5,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கடைசித் தேதிக்கு முன் விலகினால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அப்புறம் ஒன்றுமில்லை. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே விதி. கவுண்டரில் சண்டை போடாதீர்கள். தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் சண்டையையும்விட அந்தச் சீலுக்கு மதிப்பு அதிகம்.

வீட்டுச் செலவுக்கு வருகிறேன். தினமும் ஐம்பது, நூறு என்று ஜிபே செய்வதைவிட மாதம் ஒரு தொகை என்று பேசி ஒரே தடவையாகக் கொடுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் மீதிப் பத்து நாளை அது எப்படி ஓட்டுகிறது என்று பாருங்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்கள், மற்றதற்கு ஒன்றாம் தேதி வரட்டும்.

"ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று வருகிற அழைப்பை உங்களுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லி வைக்கிறேன். எந்த அலுவலகமும் போனில் ஓடிபி கேட்காது. ஏமாந்துவிட்டால் உடனே 1930, சைபர் குற்றப் புகார் எண்.

ஐந்தாவது படி: போக்குவரத்து, விடுதி, வண்டி

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேர் ரயில் பாதை கிடையாது, பஸ்தான். சிதம்பரம் போகிறவர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ரயில் இருக்கிறது, மாணவர் சீசன் டிக்கெட் பாதி விலை. கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் அந்த நேரத்துப் பஸ்ஸிலேயே பிள்ளையைத் தனியாக ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டால் திங்கட்கிழமை மாட்டிக்கொள்வீர்கள்.

விடுதி என்றால் கல்லூரி விடுதியைத் தவிர, மாவட்டத்தில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் அரசு விடுதிகளும் உண்டு. இலவசம். அதற்குத் தனி விண்ணப்பம், சீக்கிரம் நிரம்பிவிடும். விடுதிக்குப் போகும் பிள்ளை துணி துவைக்க, ஒரு சோறு ரசமாவது வைக்க, மெஸ் பில்லைப் படித்துப் பார்க்க, காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இதில் மகன், மகள் என்ற பேதமே வேண்டாம். மகன்களுக்குத்தான் இன்னும் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பைக். இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் வருடம் சேரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பதினேழுதான். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோர் மேல் வழக்கு வரும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்த பிறகும் கடலூர், புதுச்சேரி சாலையில் தினம் ஓட்ட வேண்டுமா என்று யோசியுங்கள். புதுச்சேரியில் படிக்கப் போகும் பிள்ளையிடம் மதுக்கடைகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். "அதெல்லாம் என் பிள்ளை பார்க்காது" என்று விட்டுவிடுவதைவிட, குடித்துவிட்டு வண்டி எடுக்கும் நண்பன் பின்னால் ஏறாதே, எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு, அன்றைக்குத் திட்ட மாட்டேன் என்று சொல்லி வைப்பது உபயோகமானது. சொன்னால் அன்றைக்கு உண்மையிலேயே திட்டக் கூடாது. நண்பனுக்கு என்று பையில் பாட்டில் வாங்கி வந்து ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் மாட்டினால் வழக்கு பையை வைத்திருப்பவன் மேல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறாவது படி: முதல் செமஸ்டர்

பள்ளியில் டைரி வரும், மிஸ் போன் பண்ணுவார்கள். கல்லூரியில் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் சொன்னதாகக் கணக்கு. அதனால் முதல் மாதம் பிள்ளையிடம் "என்ன படிச்ச?" என்று கேட்பதைவிட "நோட்டீஸ் போர்டில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள் என்று வைத்தால் இருபத்திரண்டு நாள்தான் விட முடியும். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் மருத்துவச் சான்றிதழோடு பணம் கட்டிக் கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) வாங்க வேண்டும், இன்னும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. பிள்ளை கட் அடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் காதுகுத்து, கிரகப்பிரவேசம், குலதெய்வக் கோயில், மாசி மகம் என்று லீவு போட வைப்பது நாம்தான். ஒரு காலெண்டரில் பிள்ளையே குறித்து வைத்துக்கொண்டு, "இதுக்கு வர முடியாதும்மா" என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

மழைக்காலம் வேறு. நவம்பர், டிசம்பரில்தான் செமஸ்டர் தேர்வும் புயலும் சேர்ந்து வரும். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின. கடலூரில் கலெக்டர் லீவு விட்டால் அது புதுச்சேரிக் கல்லூரிக்குப் பொருந்தாது, அங்கே விட்டது இங்கே பொருந்தாது. தேர்வு தள்ளிப்போனதா என்பதைப் பல்கலைக்கழக அறிவிப்பில் மட்டும் பார்க்கட்டும்.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குப் போகும் பிள்ளை முதல் ஆறு வாரம் வாயே திறக்காது. வீட்டுக்கு வந்து "எனக்கு இந்தக் கோர்ஸே வேண்டாம்" என்று சொல்லும். படிப்பு பிடிக்கவில்லை என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் பாஷைதான் காரணம். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே பாடத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களை நோட்டில் எதிரெதிரே எழுதிப் பழகினால் இரண்டு மாதத்தில் பிடிபட்டுவிடும். பல கலைக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டு, எச்.ஓ.டி.யிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ராகிங். 1996-இல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை இந்தப் பக்கத்துப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சேரும்போது நீங்களும் பிள்ளையும் கையெழுத்துப் போடும் ராகிங் உறுதிமொழியைப் படித்துவிட்டுப் போடுங்கள். யுஜிசியின் இலவச எண் 1800-180-5522, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பிள்ளை திடீரென்று சாப்பிடாமல், பேசாமல் இருந்தால், மார்க்கைப் பற்றிக் கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416-இல் டெலி மனாஸ் என்கிற மனநல உதவி எண், தமிழ்நாட்டில் 104 என்கிற மருத்துவ உதவி எண், இரண்டிலும் தமிழிலேயே பேசலாம். இந்த மூன்று எண்களும் அதன் போனில் இருக்கட்டும்.

கல்லூரிக்கு நீங்கள் எப்போது போக வேண்டும்? பெற்றோர் கூட்டத்துக்கு, உடம்பு சரியில்லாதபோது, ராகிங் மாதிரி பெரிய விஷயத்துக்கு. போனஃபைட் சான்றிதழ் வாங்க, லீவு லெட்டர் கொடுக்க, பஸ் பாஸில் சீல் போட எல்லாம் போகாதீர்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் நின்று வெறுங்கையோடு திரும்பும். பரவாயில்லை, மறுநாள் போகும்.

முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் ஒன்றிரண்டு அரியர் வருவது சகஜம். பள்ளியில் ஃபெயில் ஆனது போல அதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த தேர்வோடு சேர்த்து எழுதலாம். எழுதியதற்கு மார்க் குறைவு என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே அதற்கான கடைசித் தேதி முடிந்துவிடும், கட்டணமும் பாடத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். எனவே ரிசல்ட் அன்றைக்குக் கோபப்படுவதை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்தத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.